உன் பாலிகை கரைந்த குளம்

கண்ணு, நேற்று சாயங்காலம் நீ அனுப்பிய குரல் செய்தியைத் திரும்பத் திரும்பக் கேட்டேன். "அம்மா, அத்தை அங்க வந்து இன்னா பார்த்தாங்க? வந்ததுல இருந்து ஒரு வார்த்த பேசல. ஒரு பக்கெட்ட கொண்டாந்து பின்னாடி வச்சிட்டு உள்ள போயி படுத்துக்கினாங்க. எனக்கு பயமா இருக்குது"ன்னு சொன்னாயே. உடனே போன் பண்ணியிருக்கலாம். ஆனால் போனில் நீ நடுவில் நடுவில் கேள்வி கேட்பாய், நான் பாதியில் அழுவேன். அதனால் உட்கார்ந்து முழுசாக எழுதுகிறேன். நம் மீன் வளர்ப்பவர்கள் குழுவிலும் இதைப் போடப் போகிறேன். அதற்கு உன் மாமியாரான அத்தையே சம்மதம் கொடுத்துவிட்டார். ஏன் கொடுத்தார் என்பது கடைசியில் உனக்கே புரியும்.

முதலில் குளத்தைப் பற்றிச் சொல்கிறேன். நம் வீட்டுப் பின்கட்டில் துணி துவைக்கும் கல்லுக்குப் பக்கத்தில் நான் வெட்டிய குளம். ஓர் ஆள் படுத்தால் கால் இடிக்கும், அவ்வளவுதான் நீளம். தார்ப்பாய் விரித்து, ஓரத்தில் செங்கல் அடுக்கி, ஒரு பக்கம் மட்டும் படிபோல மேடு விட்டு, எல்லாம் வீடியோ பார்த்துப் பார்த்துக் கற்றது. முதல் அல்லி பூத்த அன்று விழுப்புரமே வந்து பார்க்க வேண்டும் என்று நான் குதித்தேன். நாற்பதைத் தாண்டியவள் இப்படிக் குதிக்கக் கூடாது என்று நீ தலையில் அடித்துக்கொண்டாய். ஆனால் ஆரஞ்சு நிற மோலி மீனுக்குக் கமலா என்று பேர் வைத்தது நீதான். கல்யாணத்துக்கு முந்தின நாள் வேன் ஏறும்போதுகூட அழாமல், "கமலாவ பாத்துக்கம்மா" என்று மட்டும் சொன்னாய். அந்த ஒரு வாக்கியத்துக்காகத்தான் இத்தனை நாளும் பாடுபட்டேன்.

கல்யாணம் திண்டிவனத்தில் முடிந்து மறுவீட்டுக்கு நீங்கள் வந்தபோது, உன் மாமியார் வீட்டில் வளர்த்த பாலிகைச் சட்டிகளும் கூடவே வந்தன. மற்றவர்கள் படிப்பதால் சொல்கிறேன்: கல்யாணத்துக்கு முன்னால் சின்ன மண்சட்டிகளில் நவதானியம் விதைத்து முளைக்க வைப்பார்கள். கல்யாணம் முடிந்ததும் பொண்ணும் மாப்பிள்ளையும் அதை ஓடும் தண்ணீரிலோ குளத்திலோ கரைக்க வேண்டும். முளை செழிப்பாக வந்தால் குடும்பமும் செழிக்கும் என்று ஒரு நம்பிக்கை. உன் பாலிகை எப்படி வந்திருந்தது, ஞாபகம் இருக்கிறதா? கரும்பச்சை. சட்டி தெரியாமல் அடர்த்தி. மண்டபத்தில் எல்லோரும் அதைத்தான் பேசினார்கள். உன் வீட்டுக்காரருடைய அண்ணன் கல்யாணத்தில் முளை மஞ்சளாக வந்ததும், அந்தப் பெண் வருஷம் திரும்புவதற்குள் அம்மா வீட்டுக்குப் போய்விட்டதும் எல்லோருக்கும் தெரியும். உங்கள் அத்தை காதுபட அதைச் சொன்னவர்களும் உண்டு. அதனால் இந்தத் தடவை முளையைப் பார்த்ததும் அவர் முகத்தில் தெரிந்த நிம்மதியை நான் தூரத்திலிருந்தே பார்த்தேன்.

வெயிலில் ஏரி வெடித்துக் கிடந்தது. எங்கே கரைப்பது என்று எல்லோரும் நின்றபோது, கெடார் ஊரிலிருந்து வந்திருந்த பெரியம்மாதான் தீர்ப்பு சொன்னாள். என் அக்கா வாயைத் திறந்தால் அது தீர்ப்புதான், உனக்கே தெரியும். "வூட்டுக்குள்ளயே இவ்ளோ தண்ணிய வச்சிக்கினு எதுக்குடி ஊரு சுத்தணும்? ஜல்தியா இதுலயே கரைங்க, வெயிலு ஏறுது." மண்ணும் எருவும் பாலும் மஞ்சளும் அந்தச் சின்னக் குளத்தில் போனால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். குழுவில் புதுசாக வருகிறவர்களுக்கு நானே பாடம் எடுத்திருக்கிறேன். ஆனால் எல்லோரும் போனைத் தூக்கிக்கொண்டு என் குளத்தை வீடியோ எடுத்தார்கள். நீயும் மாப்பிள்ளையும் கைகோர்த்து அந்தப் படிமேட்டில் குனிந்தபோது அல்லி பூத்திருந்தது. அந்த அழகில் மயங்கி வாயை மூடிக்கொண்டேன். கிளம்பும்போது உங்கள் அத்தை என் கையைப் பிடித்து, ஆனி மாசத்தில் ஒரு வெள்ளிக்கிழமை திருவாமாத்தூர் கோயிலுக்கு வருவதாகவும், அப்போது பாலிகை விட்ட குளத்தையும் பார்த்துவிட்டுப் போவதாகவும் சொன்னார். தண்ணீர் தெளிவாக இருந்தால் தன் மனசும் தெளியும் என்றார். நான் சிரித்துக்கொண்டே தலையாட்டினேன்.

அடுத்த வாரமே தண்ணீர் மாறத் தொடங்கியது. முதலில் இளநீர் மாதிரி கலங்கல், அப்புறம் வெளிர்பச்சை, அப்புறம் கீரை கடைந்து ஊற்றியதுபோல. அல்லித் தண்டு தெரியவில்லை. கமலா தெரியவில்லை. கையை விட்டால் மணிக்கட்டுக்கு மேல் கை காணாமல் போனது. நான் பார்த்த பாசி எதுவும் இந்த வேகத்தில் வந்ததில்லை. அடியில் தங்கிய பாலிகை மண்ணை மெதுவாக அள்ளி எடுத்தேன். கட்டிகளை உடைத்தபோது உள்ளே சாம்பல் நிறத்தில் மணிமணியாக ஏதோ இருந்தது. முளைக்காத தானியம் என்று நினைத்துத் தூர எறிந்தேன். நமக்கென்று நிலம் இருந்ததில்லையே, எனக்கு எங்கே தெரியும்.

அதன்பிறகு நான் செய்ததை எல்லாம் கேட்டால் சிரிப்பாய். ஒரு வெளிநாட்டு வீடியோவில் பார்லி வைக்கோலைப் போட்டால் பாசி அடங்கும் என்றான். விழுப்புரத்தில் பார்லி வைக்கோலுக்கு எங்கே போவது? வைக்கோல் வைக்கோல்தானே என்று நெல் வைக்கோலை ஒரு கட்டு உள்ளே அமுக்கினேன். அது வெயிலில் ஊறி, அழுகி, பின்கட்டு முழுக்க மாட்டுக்கொட்டகை நாற்றம். வெளியே இழுத்துப் போட்டுவிட்டு, மீன்களை டிரம்முக்கு மாற்றி, மோட்டாரைப் போட்டுத் தண்ணீரை மொத்தமாக இறைத்துப் புதுத் தண்ணீர் விட்டேன். கண்ணாடி மாதிரி இருந்தது. துள்ளிக் குதித்துப் படம் எடுத்துக் குழுவில் போட்டேன், நூறு இதயம் வந்திருக்கும். வாரம் முடிவதற்குள் முன்பைவிடப் பச்சையாகத் திரும்பியது. வெறும் தண்ணீர், உச்சி வெயில், மூலையில் ஒட்டியிருக்கும் சத்து. பாசிக்கு இதைவிடப் பெரிய விருந்து கிடையாது. ஒருநாள் விடியற்காலையில் போய்ப் பார்த்தபோது மீன்கள் எல்லாம் மேலே வந்து வாயை வாயைத் திறந்தன. ராத்திரியில் தண்ணீரில் இருந்த காற்றைப் பாசியே இழுத்துவிட்டது, கரண்டும் இல்லை. காற்றுப் பம்பு செத்த மாதிரி கிடந்தது. ஒரு சொம்பை எடுத்துத் தண்ணீரை மொண்டு உயரத்திலிருந்து ஊற்றினேன், மொண்டு மொண்டு ஊற்றினேன், தோள்பட்டை கழன்றுவிடும்போல ஆனது. சின்னக் கப்பி மீன்கள் நிறையச் செத்துப்போய்விட்டன. கமலா கடைசியாக மேலே வந்து, என் சொம்பு விழுந்த நுரைக்கு அடியில் வந்து நின்றாள். அன்றைக்கு நீ போன் பண்ணிக் குளம் எப்படி இருக்கிறது என்று கேட்டாய். சூப்பரா இருக்குது என்றேன்.

அப்பா அன்று விக்கிரவாண்டியில் பஞ்சர் கடையை மத்தியானமே மூடிவிட்டு வந்தார். கையில் பிளீச்சிங் பவுடர் பொட்டலம். அவருக்கு என் மீன்மேல் கோபமில்லை கண்ணு, பயம். உங்கள் அத்தை வந்து இந்தப் பச்சைத் தண்ணீரைப் பார்த்தால் என்ன நினைப்பார், திண்டிவனத்தில் யார் யாரிடம் சொல்வார், மூத்த மருமகளுக்கு நடந்ததுபோல உன்னையும் வாய்க்கு வந்தபடி பேசுவார்களோ என்று அவருக்குத் தூக்கமே இல்லை. பவுடரைக் கொட்டிவிட்டு, எல்லாவற்றையும் கழுவி, புதுத் தண்ணீர் விட்டுப் புது மீன் வாங்கி விடலாம் என்றார்.

"மீனு முக்கியமா, நம்ம பொண்ணு முக்கியமா? நீயே சொல்லு" என்று கேட்டார். அப்போதுதான் செங்கல் படிமேட்டைப் பார்த்தேன். உன் பாலிகையில் பயறும் உளுந்தும் அழுகிப்போயிருந்தன, ஆனால் நெல் மட்டும் அந்த ஆழமில்லாத மேட்டில் தானாக வேர்விட்டு நின்றது. பச்சைக்குள் பச்சையாக இருந்ததால் இத்தனை நாள் கண்ணில் படவில்லை.

"நம்ம பொண்ணு கையால விட்ட நாத்துங்க, தோ நிக்குது பாருங்க. பவுடர கொட்டினா மீனு மட்டுமா போவும்?"

அப்பா குனிந்து பார்த்தார். பொட்டலத்தைப் பரண்மேல் வைத்துவிட்டு, உங்கள் அத்தை வருகிற வெள்ளிக்கு முந்தின நாள் வரைக்கும்தான் கெடு என்றார். அன்றைக்கும் தெளியவில்லை என்றால் உன்னைக் கேட்காமல் கொட்டுவேன் என்றார். அவர் சொன்னால் செய்வார் என்று உனக்கும் தெரியும்.

அன்றிலிருந்து நான் எந்தக் குறுக்கு வழியும் தேடவில்லை. அவசரப்பட்ட ஒவ்வொரு தடவையும் பாசிக்குத்தான் லாபம் என்பது அடிபட்டுத்தான் உறைத்தது. மீனுக்குத் தீனியை நிறுத்தினேன், அது தின்னாமல் விடுவதெல்லாம் பாசிக்குத்தானே போகிறது. தென்னை ஓலை இரண்டை முடைந்து குளத்தின் பாதிக்குமேல் நிழல் கட்டினேன். அடியில் இருந்த சேற்றை ஒரே நாளில் கலக்காமல், தினம் காலையில் ஒரு மூலை என்று பழைய டீ வடிகட்டியால் அள்ளினேன். அள்ளிய அளவுக்கு மட்டும் டிரம்மில் பிடித்து ஆறவைத்த தண்ணீரை விட்டேன். நெல்நாற்றைப் பிரித்து, ஓட்டை போட்ட தயிர் டப்பாக்களில் மண் இல்லாமல் தேங்காய் நார் மட்டும் வைத்து நட்டு, படிமேடு முழுக்க வரிசையாக வைத்தேன். பக்கத்தில் பொன்னாங்கண்ணித் தண்டு. தண்ணீரில் இருக்கிற சத்தைப் பாசி தின்பதற்குமுன் இவை தின்ன வேண்டும், அவ்வளவுதான் கணக்கு. பாசியைக் கொல்ல வேண்டாம். அதன் சோற்றை வேறு யாராவது சாப்பிட்டுவிட்டால் போதும்.

ஒரு வெள்ளை டிபன் மூடியைக் குச்சியில் கட்டித் தினமும் தண்ணீருக்குள் இறக்கிப் பார்ப்பேன். மூடி கண்ணுக்கு மறையும் இடத்தில் குச்சியில் விரலை வைப்பேன். முதலில் நான்கு விரல்கூட இல்லை. பல நாள் அங்கேயே நின்றது. ஒருநாள் மழை வந்து மண் கரைந்து திரும்பவும் கீழே போனது. குழுவில் ஒருவர் மயில்துத்தம் கொஞ்சம் போடுங்கள் என்றார், ஒருவர் ஒரு மருந்தின் பெயரை அனுப்பினார், ஒருவர் குளத்தை மூடிவிட்டுச் செடி வையுங்கள் அக்கா என்றார். எனக்குப் பைத்தியம் பிடிக்கும்போல இருந்தது. ஆனால் நாற்று மட்டும் தினம் ஒரு இலை விட்டது. வெள்ளை வேர் டப்பா ஓட்டை வழியாகத் தாடி மாதிரி தொங்கியது. வேர் தொங்கத் தொங்க மூடியும் கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே போனது. நான் அதை யாரிடமும் சொல்லவில்லை, கண் பட்டுவிடும் என்று குழுவிலும் போடவில்லை. என் வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு விஷயத்தைப் படம் எடுத்துப் போடாமல் இருந்தேன்.

கெடு நாள் வந்தது. அப்பா பொட்டலத்தைப் பரணிலிருந்து எடுத்துக்கொண்டே பின்கட்டுக்கு வந்தார். நான் குச்சியை அவர் கையில் கொடுத்தேன். அவரே மூடியை இறக்கினார். தெரிந்தது. இன்னும் இறக்கினார், தெரிந்தது. ஒரு சாண் தாண்டி, முழங்கை வரை போய், அங்கேதான் மறைந்தது. அடி தெரியவில்லை. தெளிந்துவிட்டது என்று யாரும் சொல்ல முடியாது. அப்பா குச்சியைச் செங்கல்மேல் சாய்த்து வைத்தார். அப்புறம், "நாளைக்கு நீதான் பதில் சொல்லணும். நான் கடைக்கு போய்டுறேன், என்னால பாக்க முடியாது" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். பொட்டலத்தைத் துவைக்கும் கல்மேலேயே விட்டுவிட்டுப் போனார்.

நேற்று உங்கள் அத்தை கோயிலிலிருந்து நேராக வந்தார். விபூதிகூட நெற்றியில் ஈரமாக இருந்தது. காப்பி வேண்டாம், முதலில் குளம் என்றார். பின்கட்டுக் கதவைத் திறந்துவிட்டேன். அவர் ஓலை நிழலுக்கு அடியில் குனிந்து பார்த்தார். துவைக்கும் கல்மேல் இருந்த பொட்டலத்தையும் பார்த்தார்.

"தண்ணி பச்சையாதான் இருக்குது சம்பந்தி" என்றார்.

நான் ஒரு பொய்யைத் தயாராக வைத்திருந்தேன். இந்த வகைக் குளம் பச்சையாகத்தான் இருக்கும், அதுதான் மீனுக்கு நல்லது என்று சொல்லிவிடலாம் என்று ராத்திரியெல்லாம் மனப்பாடம் செய்திருந்தேன். வாயில் வரவில்லை. மாறாக எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன்: இதைவிட மோசமாக இருந்தது, மீன் செத்தது, வைக்கோல் போட்டு நாறடித்தது, நீங்கள் என் பெண்ணை ஏதாவது நினைப்பீர்களோ என்று அவளிடமும் மறைத்தது, அந்தப் பொட்டலம் எதற்கு என்பது, எல்லாம். கடைசியில் நாற்றைக் காட்டி, இதுதான் உங்கள் வீட்டுப் பாலிகை, இதுதான் தண்ணீரைக் காப்பாற்றிக்கொண்டிருக்கிறது என்றேன்.

உங்கள் அத்தை செங்கல்மேல் உட்கார்ந்துவிட்டார். பட்டுப்புடவையோடு. தயிர் டப்பா ஒன்றைத் தூக்கி அந்த வேரைத் தடவிக்கொண்டே இருந்தார். பிறகு என்னைப் பார்க்காமலே சொன்னார்.

"இந்த தண்ணிய கெடுத்தது நான்தான் சம்பந்தி. பெரியவன் கல்யாணத்துல முளை மஞ்சளா போச்சு, ஊரே பேசிச்சு. இந்த வாட்டியும் வரலன்னா என் மருமவ தலையிலதான் விடியும்னு பயந்துக்கினு, வயலுக்கு வச்சிருந்த டிஏபி உரத்துல ஒரு கை அள்ளி மண்ணுல கலந்துட்டேன். யாருக்கும் தெரியாது. எம் பையனுக்கே தெரியாது."

அந்தச் சாம்பல் நிற மணிகள் எனக்கு அப்போதுதான் விளங்கின. வயலுக்குப் போட வேண்டிய உரம் என் சின்னக் குளத்தில் கரைந்திருக்கிறது, பச்சையாகாமல் என்ன செய்யும். கோபம் வந்திருக்க வேண்டும், வரவில்லை கண்ணு. உன்னை யாரும் ஒரு சொல் சொல்லிவிடக் கூடாது என்று அங்கே அவர் உரம் போட்டிருக்கிறார். அதே பயத்தில் இங்கே நான் வைக்கோல் போட்டேன், அப்பா பவுடர் வாங்கினார். மூன்று பேரும் உனக்காகத்தான் அந்தத் தண்ணீரைப் படாதபாடு படுத்தியிருக்கிறோம். நான் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். அப்போது கமலா மேலே வந்து நாற்று வேரைக் கடித்துவிட்டுப் போனாள். "தோ, அதான் உங்க மருமவ பேரு வச்ச மீனு" என்றேன். அவர் சிரித்தாரா அழுதாரா என்று எனக்குச் சரியாகத் தெரியவில்லை.

கிளம்பும்போது இரண்டு டப்பா நாற்றைக் கேட்டு வாங்கி, ஒரு பக்கெட்டில் குளத்துத் தண்ணீரோடு வைத்துக்கொண்டார். "இத அவகிட்ட நீயே சொல்லிடு சம்பந்தி, எனக்கு வாயில வராது. உங்க குழுவுலயும் போடு. நாலு பேரு உரம் போட்ட பாலிகைய மீனு தொட்டியில கரைக்காம இருப்பாங்க" என்றார். உன்னிடம் பேசாமல் போய்ப் படுத்தது கோபத்தால் இல்லை. நீ என்ன சொல்வாயோ என்ற பயத்தால்.

ஆகவே இதைப் படித்து முடித்ததும் எனக்குப் போன் பண்ணாதே. நேராகப் பின்பக்கம் போ. அந்தப் பக்கெட்டை வெயிலில் இருந்து நகர்த்து, நாற்று வேர் மட்டும் நனைகிற மாதிரி ஒரு அகலமான தொட்டியில் வை, ஒரு பக்கம் நிழல் விழட்டும், நாற்றுக்கு உரம் எதுவும் போடாதே. ஆடிக்கு அப்பா உன்னை அழைக்க வரும்போது கமலாவின் குஞ்சுகளில் நாலைக் கொண்டுவரச் சொல்லியிருக்கிறேன். சீர்த்தட்டோடு அதையும் தூக்கிக்கொண்டு பஸ் ஏற வேண்டுமா என்று அவர் முனகுகிறார், ஆனால் மூடி போட்ட பாட்டிலை இப்போதே கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டார். உன் தொட்டித் தண்ணீரும் ஒருநாள் பச்சையாகும். கட்டாயம் ஆகும். அன்றைக்குப் பதறி எதையும் ஊற்றாதே, மூடி மறைக்காதே, எனக்குப் படம் எடுத்து அனுப்பவும் வேண்டாம். முதலில் உங்கள் அத்தையைக் கூப்பிட்டு, கையைப் பிடித்து அழைத்துப் போய்க் காட்டு.